கேபிள் இழுத்த கைக்கு ஏன் கோடிங்?

போன கிழமையும் ஒருவர் வந்தார். கட்டாரில் எட்டு வருசம் எலக்ட்ரீசியன். ஊருக்கு வந்த கையோடு மனைவியின் நகையை அடகு வைத்து, இங்கே ஒரு தனியார் நிலையத்தில் மூன்று மாத ஃபுல் ஸ்டாக், அதாவது இணையத்தளம் முழுவதையும் எழுதப் பழக்கும் கோடிங், படித்திருக்கிறார். லாமினேற் பண்ணிய சான்றிதழை மேசையில் வைத்து, "தம்பி, இதைக் காட்டி எங்க வேலை எடுக்கலாம்?" என்றார். உண்மையைச் சொன்னால் முகம் கறுத்துப் போகிறது. சொல்லாமல் விட்டால் அடுத்தவர் நகையோடு போய் நிற்கிறார். நெட்வேர்க் வேலை பார்த்துக்கொண்டு, பின்னேரங்களில் படிப்பிக்கிறவன் நான். எனக்கு அலுத்துவிட்டது, எழுதுகிறேன்.

ஐ.ரி. என்றால் கோடிங், அதாவது கொம்பியூட்டருக்குப் புரோகிராம் எழுதுவது. இந்த ஒரு நினைப்புத்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. ஒரு வங்கிக் கிளையை எடுங்கள். கேபிள் இழுத்தவர், ராக் என்ற இரும்புச் சட்டத்தில் நெட்வேர்க் சுவிட்ச் பூட்டியவர், சிசிரிவி பார்ப்பவர், இரவில் தரவைப் பிரதி எடுக்கும் பக்கப் ஓடியதா என்று பார்ப்பவர், "சிஸ்டம் வேலை செய்யேல்லை" என்ற அழைப்பை எடுப்பவர், எல்லாரும் இந்தத் துறை ஆட்கள்தான். அந்தக் கிளைக்குள் ஒரு வரி கோட் எழுதுபவர் இருக்கமாட்டார். அப்படியிருந்தும் வகுப்பு விளம்பரம் முழுக்க கோடிங்தான். ஏன்? ஒரு அறை, இருபது கொம்பியூட்டர், ஒரு புரொஜெக்டர் போதும். கேபிள், ராக், கேபிள் சோதிக்கும் ரெஸ்டர் எல்லாம் வாங்கத் தேவையில்லை. அதோடு, மூன்று மாதம் படித்தவர் புரோகிராமர் வேலைக்கு யாரோடு போட்டி போடவேண்டும்? யாழ்ப்பாண, வவுனியாப் பல்கலைக்கழகங்களில் வருசக்கணக்காக அதையே படித்துவிட்டு வெளியே வரும் பெடியளோடு.

கட்டார்காரரிடம் ஒரு துண்டு நெட்வேர்க் கேபிளையும், முனையில் பிளக் இறுக்கும் கிரிம்பரையும் கொடுத்தேன். கதைத்துக்கொண்டே எட்டு வயரையும் விரித்தார்: செம்மஞ்சள்வெள்ளை, செம்மஞ்சள், பச்சைவெள்ளை, நீலம், நீலவெள்ளை, பச்சை, மண்ணிறவெள்ளை, மண்ணிறம். நகத்தால் நேராக்கி, ஒரே வெட்டு. ரெஸ்டரில் எட்டு லைற்றும் வரிசையாக எரிந்தன. செப்பு நெட்வேர்க் கேபிள் நூறு மீற்றரைத் தாண்டக்கூடாது என்பதும் கையோடு வந்த அறிவு. "இது வேலைதானே, படிப்பில்லையே" என்றார். எனக்கு வந்த கோபம் அவர் மேல் இல்லை.

அமெரிக்காவிலும் சுரங்கத் தொழிலாளரைக் கோடர் ஆக்கும் கதை பெரிதாக ஓடியது. கென்டக்கியின் பைக்வில்லில் 2015இல் தொடங்கிய பிட் சோர்ஸ் என்ற மென்பொருள் கொம்பனிக்கு 900 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். எடுத்தது பத்துப் பதினொரு பேரை. அவர்களுக்கும் பயிற்சிக் காலத்தில் சம்பளம் கொடுத்தார்கள். இங்கே நாங்கள் காசு கட்டுகிறோம்!

இலங்கை இராணுவ ஆளணியை 2030இல் 100,000 ஆகக் குறைப்பதாக 2023 ஜனவரியில் அரசு அறிவித்தது. விலகி வருபவர்களையும் இதே விளம்பரங்கள் பிடிக்கும். இராணுவத்தின் தொடர்பாடல் பிரிவான சிக்னல்ஸில் இருந்தவருக்குப் பதிவேடு எழுதவும், முறை மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கவும், தன்னால் முடியாததை உடனே மேலே அறிவிக்கவும் தெரியும். பழுது அழைப்பை எடுக்கும் ஹெல்ப் டெஸ்க் வேலையில் பாதி அதுதான். எங்கள் பக்கத்துக் கதை இன்னும் சிக்கல். போர் முடிந்த 2009க்குப் பிறகு புனர்வாழ்வு பெற்று வந்த முன்னாள் போராளி ஒருவர் என் வகுப்பில் இருந்தார். அன்ரெனாவை விரலகலம் திருப்பிச் சிக்னல் பிடிப்பார். எங்கே பழகினீர்கள் என்று நேர்முகத்தில் கேட்டால் வாய் திறக்கமாட்டார், சி.வி.யிலும் எழுத முடியாது. வேலை தருபவர்களே, தயவுசெய்து அந்த வருசங்களைத் தோண்டாதீர்கள். கூரையில் ஏற்றி ஒரு வயர்லெஸ் லிங்க் போடச் சொல்லிப் பாருங்கள்.

ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்த்த தங்கச்சிமாருக்கும் சொல்கிறேன். பிழை எங்கே, எத்தனை, எந்தக் கட்டத்தில் வந்தது என்று குறிக்கும் பழக்கம் சொஃப்ட்வெயரில் பிழை தேடும் ரெஸ்டிங் வேலைக்கு நேரே உதவும். ஆனால் ஆங்கிலத்தில் நான்கு வரி தெளிவாக எழுதப் பழகவேண்டும். அதற்குக் குறுக்குவழி கிடையாது.

காசு கட்டமுதல் இரண்டு விசயம் கேளுங்கள். நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவா? இந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ., அதாவது தேசிய தொழிற்தகைமை, எத்தனையாம் மட்டம்? இழுத்துப் பேசினால் எழும்பி வாருங்கள். "இண்டைக்குக் கட்டினால் பாதி விலை" என்றால் இன்னும் கெதியாக வாருங்கள். கோடிங்தான் விருப்பம் என்றால் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவச இணையப் பாடநெறி இருக்கிறது. அதில் ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

செய்த வேலைக்கே சான்றிதழ் எடுக்கவும் வழி உண்டு. ஆர்.பி.எல்., அதாவது முன் கற்றலை அங்கீகரித்தல். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையான நைற்றாவிலோ தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ விசாரியுங்கள். வகுப்புக்குப் போகத் தேவையில்லை. வேலையைச் செய்து காட்டவேண்டும், அனுபவத்துக்கு ஆதாரமும் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு வர முதலே கொம்பனியிடம் சேவைக் கடிதம் எடுங்கள், செய்த வேலைகளைப் படம் பிடித்து வையுங்கள். வந்த பிறகு அந்தக் கடிதத்துக்கு அலைவது பெரும்பாடு.