கலிபர்: குழலின் துளைவிட்டம்

துரை பங்களாவில் அப்புவாக, அதாவது வேலையாளாக இருந்த என் தாத்தா, வெற்றிலைப் பெட்டியில் ஒரு வெற்றுத் தோட்டாவை வைத்திருந்தார். பித்தளை, அடியில் ‘.303’ என்று பொறித்திருக்கும். துரையின் துவக்கு நம்பர் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது கலிபர், அதாவது குழலின் உள்விட்டம். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 303 பங்கு, சுமார் 7.7 மில்லிமீட்டர்.

சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அரபியில் அச்சு, வார்ப்பு என்று பொருள்படும் ‘காலிப்’தான் அதன் மூலம் என்பது பரவலான கருத்து. அதற்கும் முன்னே, கிரேக்கச் சக்கிலியர் செருப்புத் தைக்க வைத்திருந்த, கால் வடிவ மர அச்சு! தமிழில் ‘துளைவிட்டம்’ என்றால் போதும். ‘திறன்’ என்று எழுதுவது பிழை. அது ஆளைப் பற்றிப் பேசும்போது பொருந்தும்.

இங்கிலாந்திலிருக்கும் மச்சான் போனில் கேட்டார்: “மானுக்கு எந்தக் கலிபர் நல்லது?” கேள்வியே பாதிதான். .308 வின்செஸ்டர், .30-06 என்ற இரு தோட்டாக்களும் ஒரே விட்டமுள்ள குண்டைத்தான் எறிகின்றன. ஆனால் தோட்டாவின் கூடு ஒன்றில் 51 மி.மீ., மற்றதில் 63. நீளக் கூட்டில் கூடுதல் மருந்து கொள்ளும். ஆக அவர் கேட்டது துளைவிட்டத்தை அல்ல, தோட்டா வகையை. அங்குள்ள 1991ஆம் ஆண்டு மான் சட்டமும் விட்டத்தோடு நிற்கவில்லை: பொதுவாக 0.240 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, குழல்வாயில் குண்டின் ஆற்றல் 1,700 அடி-இறாத்தலுக்கும் குறையக்கூடாது. .243 தோட்டா அந்த விட்ட எல்லையை மயிரிழையில் தாண்டுகிறது.

காட்டுப்பன்றிக்காக நம் பக்கம் வைத்திருக்கும் ‘12 போர்’ (bore) துவக்கின் கணக்கு வேறு. ஓர் இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால், அதில் ஒன்றின் விட்டம்தான் குழலின் விட்டம். அதனால் எண் கூடக் கூடக் குழல் ஒடுங்கும். கலிபரோடு இதைக் குழப்பாதவர் குறைவு.

சரி, மச்சான் அங்கே உரிமம் எடுத்துச் சுடட்டும். இங்கே இலங்கையில் மரை மானைச் சுட்டால் குற்றம். ஹோர்ட்டன் சமவெளியில் துரைமார் வேட்டைக்குத் தங்கிய ‘ஃபார் இன்’ விடுதி வாசலில், இப்போது மரைகள் வந்து நின்று வேன்காரர்களிடம் மூக்கை நீட்டுகின்றன.