சாக்கெட்டில் உட்கார்ந்துவிட்டால் போதுமா?

"சாக்கெட்ல நல்லா உக்காந்துட்டு அண்ணாச்சி, ஆனா டிஸ்ப்ளே மட்டும் வரமாட்டேங்கு."

செங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் எனக்கு இது மனப்பாடமாகிவிட்ட வசனம். இந்த வாரம் சொன்னது புளியரையிலிருந்து வந்த ஒரு பாலிடெக்னிக் தம்பி. வீட்டில் இருப்பது எச்110 மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் மாட்டும் பலகை), அதில் இன்டெல் ஐ5 6500 ப்ராசஸர் (கம்ப்யூட்டரின் மூளை). கேம் திக்கித் திக்கி ஓடுகிறதே என்று, ப்ராசஸரை மாற்றச் சொன்ன யாரோ ஒருவர் பேச்சைக் கேட்டு, பழைய பொருள் விற்கும் கடையொன்றில் ஐ7 8700 வாங்கி அவனே மாட்டியிருக்கிறான். விற்றவர் திரும்ப எடுக்க மாட்டாராம். அப்பா ஆரியங்காவில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். அந்தக் காசு எப்படி வந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை.

சாக்கெட் என்பது போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம். இன்டெல்லின் 6, 7ஆம் தலைமுறைக்குச் சாக்கெட் எல்ஜிஏ 1151. 8, 9ஆம் தலைமுறைக்கும் எல்ஜிஏ 1151தான். அதே அளவு, அதே எண்ணிக்கையில் பின்கள் (மின்சாரம் போகும் சின்னக் கம்பிகள்). லீவர் மூடும், ஃபேன் சுற்றும். ஆனால் 2017 அக்டோபரில் 8ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர் வந்தபோதே பின்களில் பவர் போகும் அமைப்பை மாற்றி, 300 வரிசை சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) போர்டில்தான் ஓடும் என்று ஆக்கிவிட்டார்கள். தம்பியின் எச்110 போர்டு 6, 7ஆம் தலைமுறைக்கானது, வாங்கி வந்த 8700 8ஆம் தலைமுறை. பயாஸை (கம்ப்யூட்டர் கிளம்பும்போது முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) நோண்டி ஓட வைக்கும் வித்தை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வீட்டில் இருப்பதே ஒரு கம்ப்யூட்டர் என்றால் அந்த விளையாட்டு வேண்டாம்.

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது, "ஐ7னா ஐ7தானே அண்ணாச்சி" என்ற பேச்சு. இல்லை ஐயா, இல்லவே இல்லை. ஐ7க்குப் பின்னால் ஓர் எண் இருக்கிறதே, அதைப் படியுங்கள். 2600 என்றால் 2ஆம் தலைமுறை, 2011இல் வந்தது. 12100 என்றால் 12ஆம் தலைமுறை, 2022இல் வந்தது. ஐ7 2600க்கு நாலு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும் வேலை வரிசை). ஐ3 12100க்கும் அதே நாலு, அதே எட்டு. இரண்டிலும் ஒரே கிராபிக்ஸ் கார்டைப் போட்டு கேம் ஓட்டினால் அந்த 'சின்ன' ஐ3தான் தெளிவாக ஜெயிக்கும். ஒவ்வொரு கோரும் ஒரு நொடியில் முடிக்கிற வேலை அவ்வளவு கூடிவிட்டது. 3, 5, 7 என்பதெல்லாம் ஒரே தலைமுறைக்குள் யார் பெரியவன் என்று சொல்லும் வரிசை மட்டும்தான். தலைமுறை தாண்டி ஒப்பிட்டால் அதற்கு அர்த்தமே கிடையாது. 'ஐ7 கேமிங் பிசி, மலிவு விலை' என்று விளம்பரம் பார்த்தால் முதலில் முழு எண்ணைக் கேளுங்கள். எண் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

சரி, மாற்ற வேண்டியது ப்ராசஸர்தானா? கேமில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் (ஒரு நொடியில் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) சட்டென்று ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டு. ஏறவே இல்லையென்றால் ப்ராசஸர் மேல் சந்தேகப்படலாம். காசு செலவில்லாத சோதனை, யாரும் செய்வதில்லை.

மொபைல் கேமை எமுலேட்டரில் (மொபைலைக் கம்ப்யூட்டருக்குள் ஓட்டும் மென்பொருள்) ஆடுகிற பையன்கள் பாதிப் பேருக்கு, அதை வேகமாக ஓட்ட உதவும் விர்சுவலைசேஷன் என்ற வசதி பயாஸில் ஆன் ஆகியிருக்காது. அதை ஆன் செய்தாலே கதை மாறிவிடும். மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் போர்டில் செருகி வைத்துக்கொண்டு கார்டைத் திட்டுகிறவர்களும் உண்டு, சிரிக்காதீர்கள். ஒற்றை ரேம் போட்டிருந்தால் அதே அளவில் இன்னொன்று சேர்த்தால் பலன் தெரியும், அதுவும் தனிக் கார்டு இல்லாத சிஸ்டத்தில். அப்புறம் நம்ம ஊர்ச் சாரல். கணவாய் வழியாக ஈரக்காற்று வந்துகொண்டே இருக்கும். தூசும் ஈரமும் சேர்ந்து, ப்ராசஸர் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இடுக்கில் கம்பளி மாதிரி படிந்துவிடும். சூடு 100 டிகிரியை நெருங்கினால் ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசு தட்டி, ப்ராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவும் பேஸ்டை மாற்றினாலே தீர்கிற விஷயத்துக்கு ப்ராசஸர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

யூடியூபில் 4கே வீடியோ திக்குவதும் வேகக் குறைவு அல்ல. 4ஆம் தலைமுறை இன்டெல்லில், யூடியூப் பயன்படுத்தும் விபி9 என்ற முறையில் சுருக்கிய வீடியோவை முழுமையாகப் பிரித்துக் கொடுக்கும் வன்பொருள் இல்லை. 1080க்கு இறக்கிப் பாருங்கள், போதும்.

கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஸ்டுடியோக்காரர்கள் வேறு ரகம். அவர்களுக்கு நல்ல ப்ராசஸர் உண்மையிலேயே சோறு போடும். ஆனால் அவர்களும் கொஞ்சம் காசு மிச்சம் பிடிக்க 'எஃப்' என்று முடியும் ப்ராசஸரை வாங்கி வருகிறார்கள். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. இப்போதைய கேமராக்கள் தரும் 10 பிட் 4:2:2 எச்265 ஃபைல்களை (நிறத்தை நுணுக்கமாகப் பதிந்து, நன்றாகச் சுருக்கிய வீடியோக்கள்) டைம்லைனில் திக்காமல் ஓட்ட 12ஆம் தலைமுறையின் அந்த உள் கிராபிக்ஸ் பெரிய உதவி. அதை விட்டுவிட்டு வாங்கி என்ன பயன்?

வாங்கும் முன் விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து போர்டின் மாடலைக் குறித்துக்கொள்ளுங்கள். போர்டு கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கு சிபியு சப்போர்ட் பட்டியல் இருக்கும், எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்பதோடு. பட்டியலில் இல்லையா, வாங்காதீர்கள். இருக்கிறதா, பழைய ப்ராசஸர் மாட்டியிருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். கரண்ட் போய்விட்டு வருகிற நேரத்தில் அல்ல, தயவுசெய்து. எச்61, எச்81 மாதிரிப் பழைய போர்டு வைத்திருப்பவர்கள் அதற்கான பெரிய ப்ராசஸரைத் தேடி அலைய வேண்டாம். புதுத் தலைமுறைக்குப் போனால் போர்டு, ரேம் இரண்டும் மாறும், அதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஏஎம்டி கம்பெனியின் ரைசன் ப்ராசஸரை ஏஎம்4 சாக்கெட்டில் வைத்திருக்கும் தம்பிமாரே, கூலரை (ஃபேனும் ஹீட்சிங்கும் சேர்ந்தது) அப்படியே வெடுக்கென்று இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்டோடு ப்ராசஸரும் பிடுங்கிக்கொண்டு வரும், அதன் அடியிலிருக்கும் பின்கள் மடங்கும். சிஸ்டத்தைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை லேசாகத் திருகி எடுங்கள். இன்டெல்லில் பின் இருப்பது போர்டில், விரல் படக்கூடாது. பட்டு மடங்கிவிட்டால் ஊக்கால் நிமிர்த்தப் பார்க்காமல், போர்டோடு வந்த அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைச் சாக்கெட்டில் மாட்டி எடுத்து வாருங்கள். மூடியைத் தூக்கிப் போட்டவர்கள்தான் இங்கே அதிகம்.