ட்ராமா: அதிர்ச்சியா, வடுவா, காயமா?

மருத்துவமனை வாசலில் ‘ட்ராமா கேர்’ என்று எழுதியிருந்தால், உள்ளே விபத்தில் அடிபட்டவர்களைப் பார்க்கிறார்கள் என்று பொருள். அதே சொல்லை மனநல ஆலோசகர் சொல்லும்போது ரத்தமும் இல்லை, எலும்பு முறிவும் இல்லை. தமிழில் எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது ட்ராமாவுக்குத்தான் தடுமாறுகிறோம். ஒரே கட்டுரையில் அதிர்ச்சி, மன உளைச்சல், மனவடு, உளக்காயம் என நான்கையும் மாற்றி மாற்றிப் போட்டுவிடுகிறோம்.

கிரேக்க மொழியில் ட்ராமா என்றால் புண். துளைத்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். நெடுங்காலம் அது அறுவை மருத்துவரின் சொல்லாகவே இருந்தது. உடலிலிருந்து மனத்துக்கு அதை நகர்த்தியதில் ரயிலுக்குப் பங்கு உண்டு. ரயில் மோதலில் வெளிக்காயம் அதிகமில்லாமல் தப்பியவர்கள் பிறகு தூக்கமின்றி, நடுங்கி, நினைவு தடுமாறித் துன்பப்பட்டதை 1866-இல் ஜான் எரிக் எரிக்சன் என்ற லண்டன் அறுவை மருத்துவர் விவரித்தார். முதுகுத்தண்டு குலுங்கியதே காரணம் என்றார் அவர். 1889-இல் ஜெர்மன் நரம்பியலாளர் ஹெர்மன் ஓப்பன்ஹைம் இத்தகைய துன்பத்துக்கு ‘ட்ராமா சார்ந்த நரம்புத் தளர்ச்சி’ என்ற பொருள்படப் பெயர் வைத்தார். முதல் உலகப் போர்ச் சிப்பாய்களுக்குப் போர்முனையில் வந்த ‘ஷெல் ஷாக்’ (குண்டுவெடிப்பு அதிர்ச்சி) அதற்குப் பின் வந்தது. பி.டி.எஸ்.டி. (ட்ராமாவுக்குப் பிந்தைய மன அழுத்த நோய்) என்ற நோய்ப்பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது 1980-இல்தான்.

இனி நம் சொற்கள். அதிர்ச்சி பொருந்தாது. அது ஒரு கணத்தில் வந்து போவது. கெட்ட செய்தி கேட்டாலும் அதிர்ச்சிதான். பல ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே அடிவாங்கிய ஒருவருக்கு, அதிர்ந்த கணம் என்று எதைச் சுட்டுவது? மன உளைச்சலோ அலுவலக வேலை கூடினாலும் வருகிறது.

மனவடு அப்படியல்ல. இலங்கைத் தமிழில் போரின் நடுவே வாழ்ந்த மருத்துவர்களும் மக்களும் சொல்லிச் சொல்லிக் கனமேறிய சொல் அது. அதை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஒரு தயக்கம் உண்டு. ‘தீயினால் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினால் சுட்ட வடு’ என்ற குறளில் வள்ளுவர் இரண்டையும் பிரித்தே வைக்கிறார். புண் ஆறும், வடு ஆறாது. வன்முறையிலிருந்து மீண்டு வந்து உதவி கேட்டு உட்கார்ந்திருப்பவரிடம் முதல் வார்த்தையிலேயே ‘உங்களுக்கு இருப்பது ஆறாதது’ என்று சொல்லலாமா?

அப்படியானால் புண் என்றே சொல்லலாமே? அதற்குப் பழைய சுமை ஒன்று இருக்கிறது. சங்க இலக்கியத்தில் மார்பில் பட்டது விழுப்புண், பெருமை. முதுகில் பட்டது புறப்புண், மானக்கேடு. வெண்ணிப் போரில் பட்ட புறப்புண்ணுக்கு நாணிச் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர்விட்டதைப் புறநானூறு பாடுகிறது. காயம் பட்டவரே வெட்கப்பட வேண்டும் என்ற அந்த நினைப்பு இன்னும் போகவில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் சிகிச்சைக்கு வராமல் இருப்பதற்கு மருத்துவமனை தொலைவில் இருப்பது மட்டும் காரணமல்ல, இந்த நாணமும்தான். இன்னொரு பக்கம், ‘மனம் புண்பட்டது’ என்பது இன்று சிறு மனத்தாங்கலுக்கும் சொல்லித் தேய்ந்துவிட்டது.

மிஞ்சுவது காயம். (உடல் என்ற பொருளில் வரும் காயம் வடமொழியின் காய, அது வேறு சொல்.) காயம் வெளியிலிருந்து வருவது, பட்டவரின் குற்றமல்ல, கவனித்தால் ஆறுவது. பேச்சில் மனக்காயம், எழுத்தில் உளக்காயம். என் தேர்வு இதுதான்.

கவனித்தால் ஆறும் என்பதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கிழக்குக் காங்கோவில் பாலியல் வன்முறைக்கு ஆளான 405 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. ‘என்மேல்தான் தப்பு’ போன்ற எண்ணங்களை எடுத்து ஆராயும் 12 அமர்வுகள் சில ஊர்களில் நடந்தன. மற்ற ஊர்களில் தனிநபர் ஆதரவு மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது மனச்சோர்வோ பதற்றமோ இருக்கலாம் என்ற நிலையில் இருந்தவர்கள் ஆதரவு மட்டும் பெற்றவர்களில் 42 சதவீதம், சிகிச்சை பெற்றவர்களில் 9 சதவீதம். சிகிச்சை தந்தவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள்.

வேறு வழியும் இல்லை. ஏழை நாடுகளில் லட்சம் பேருக்கு இரண்டு மனநலப் பணியாளர்கள்கூட இல்லை. ஆகவே மருத்துவரின் வேலையில் ஒரு பகுதியை ஊர்க்காரர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். இதைத் தமிழில் பணிப்பகிர்வு எனலாம். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் தொடங்கிய திட்டத்தில் பாட்டிமார்கள் மரப்பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களின் மனக்குறைகளைக் கேட்கிறார்கள். மனச்சோர்வு என்று அவர்கள் தொடங்குவதில்லை, ‘குஃபுங்கிசிசா’ என்கிறார்கள். ஷோனா மொழியில் அதற்கு ‘அளவுக்கு மீறி யோசித்தல்’ என்று பொருள். வருகிறவரின் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல் அது.

காயம் என்ற சொல் பராமரிப்புக்கும் வழிகாட்டுகிறது. புதுக்காயத்தை யாரும் கிளறமாட்டார்கள். நடந்ததையெல்லாம் உடனே ஒரே அமர்வில் கொட்டவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமும் தன் வழிகாட்டுதலில் வேண்டாம் என்றது. பாதிக்கப்பட்டவர் பேசினால் கேட்பது, பேசாவிட்டால் வற்புறுத்தாமல் இருப்பது, உணவு, பாதுகாப்பு, உறவினரிடம் சேர்ப்பது ஆகியவையே முதலுதவி.

கடைசியாக, ஆங்கிலத்தில் உள்ள ஒரு குழப்பத்தை நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. அங்கே நடந்த கொடுமைக்கும் அதன் விளைவுக்கும் ஒரே ட்ராமாதான். நமக்கு வன்கொடுமை வேறு, மனக்காயம் வேறு, மனக்காயத்தால் வரும் நோய் வேறு. போர் நடந்த பகுதிகளில் ஐந்தில் ஒருவருக்கு ஏதோவொரு மனநோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதாவது ஐந்தில் நால்வருக்கு நோய் இல்லை, துயரம் இருக்கலாம். ஆய்வுக்குக் கேள்வித்தாள் எழுதுகிறவர்கள் ‘உங்களுக்கு ட்ராமா உண்டா?’ என்று கேட்டால் எந்தப் பதிலுக்கும் பொருளிருக்காது. ‘உங்களுக்கு என்ன நடந்தது?’ என்பது ஒரு கேள்வி. ‘அது இப்போதும் தூக்கத்தில் வருகிறதா?’ என்பது இன்னொன்று.