ஸ்டீராய்டுக் களிம்பு ‘ஊக்கமருந்து’ ஆகாது

போன மழைக்காலத்தில் யாங்கூனில் எங்கள் பகுதிக் கோயில் மண்டபத்தில் ஓர் இலவச மருத்துவ முகாம் நடந்தது. தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர்களுக்காகத் தமிழிலும் ஒரு துண்டுத்தாள் அடித்திருந்தார்கள். நல்ல எண்ணம். இந்த ஊரில் தமிழ் எழுத்தில் ஒரு காகிதம் கைக்கு வருவதே பெரிய காரியம். ஆனால் தோல் நோய்ப் பகுதியில் இருந்த வரி இது: “மிதமான ஊக்கமருந்து களிம்பைப் பாதிக்கப்பட்ட பகுதியில் தினமும் இருமுறை மெல்லியதாக விண்ணப்பிக்கவும்.”

எதிர்வீட்டு அக்கா தன் பேரனின் கரப்பானுக்கு அந்த முகாமில்தான் மருந்து வாங்கினார். வீட்டுக்கு வந்து தாளைப் படித்தவர் மருந்தை எடுத்து அலமாரிக்குள் பூட்டிவிட்டார். “ஓட்டப் பந்தயக்காரனுங்க திருட்டுத்தனமா போட்டுக்குறதுதானே ஊக்கமருந்து? அதையா தம்பி பச்சப்புள்ளைக்குத் தடவச் சொல்றாங்க?” என்று என்னிடம் கேட்டார். அதே தெருவில் இன்னொரு பையன். அவன் அதே சொல்லை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். ஊக்கமருந்து என்றால் தோலுக்குத் தெம்பு கொடுக்கும் என்று நினைத்து வேளைக்கு வேளை அப்பிக்கொண்டிருந்தான். ஒரே சொல் ஒரு வீட்டில் பயத்தைக் கொடுத்தது, இன்னொரு வீட்டில் ஆசையைக் கொடுத்தது. ஸ்டீராய்டை ஊக்கமருந்து என்று எழுதும் இந்த மொழிபெயர்ப்பை இதற்கு முன்னும் எத்தனையோ தடவை பார்த்துப் பேசாமல் இருந்திருக்கிறேன். இனி முடியாது.

ஸ்டீராய்டு என்ற சொல்லின் கதை சின்னதுதான். கிரேக்கத்தில் ‘ஸ்டெரியோஸ்’ என்றால் திடமானது, கெட்டியானது. ‘கொலே’ என்றால் பித்தம். பித்தக்கல்லில் கிடைத்த கெட்டிப் பொருளுக்கு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். இன்று நாம் சொல்லும் கொலஸ்ட்ரால் அதுதான். அதன் வால்பகுதியை வெட்டி ‘ஸ்டெரால்’ என்றார்கள். ஸ்டெராலைப் போன்ற கட்டமைப்பு உள்ளவை எல்லாம் ‘ஸ்டீராய்டு’ என்று 1936-இல் பெயர் பெற்றன. ஆக, பெயர் சொல்வது மூலக்கூறின் அமைப்பை மட்டும். அது உடம்பில் என்ன வேலை செய்யும் என்று பெயரில் ஓர் எழுத்தும் இல்லை.

அப்படியானால் ‘ஊக்கம்’ எங்கிருந்து வந்தது? விளையாட்டுச் செய்திகளிலிருந்து. 1988 சியோல் ஒலிம்பிக்கில் பென் ஜான்சனின் பதக்கத்தைப் பறித்தார்களே, அவர் உடம்பில் கண்டுபிடித்த ஸ்டனசோலால் ஸ்டீராய்டு குடும்பத்தில் ஒரு பிள்ளை. தசையை வளர்க்கும் பிள்ளை. அந்த இடத்தில் ஊக்கமருந்து என்று எழுதினால் பொருத்தம், எனக்கு வழக்கில்லை. ஆனால் அதே குடும்பத்தில் பிறந்தவர்கள் எல்லாருமே அப்படியா? தோலுக்குத் தடவும் ஹைட்ரோகார்ட்டிசோன் தசையை வளர்க்காது, யாரையும் வேகமாக ஓட வைக்காது. அது செய்வது நேர் எதிரான வேலை. தோலில் மூண்டிருக்கும் அழலை அடக்குகிறது. சிவப்பையும் வீக்கத்தையும் அரிப்பையும் தணிக்கிறது. தணிக்கிற மருந்துக்கு ஊக்குகிற பெயர் வைப்பது தண்ணீர்க் குடத்தின் மேல் நெருப்பு என்று எழுதி ஒட்டுவது போல.

இதைச் சொன்னால் தனித்தமிழ் நண்பர் ஒருவர், “சரி, ‘இயக்க ஊக்கி’ என்று போடலாமே” என்கிறார். ஊக்கி போகவே இல்லையே! முன்னால் ஓர் ‘இயக்க’ சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஊக்கி என்பது வேதியியலில் வினையூக்கியையும் நினைவுபடுத்தும். ஹார்மோனுக்கு ‘வளரூக்கி’ என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். மூன்று வேறு பொருள்களை ஒரே சட்டைக்குள் நுழைத்தால் படிப்பவருக்கு எது யார் என்று எப்படித் தெரியும்? தூய்மை எனக்கும் பிடிக்கும். ஆனால் தமிழ் எழுத்தில் இருப்பதாலேயே ஒரு பொய் தூய்மையாகிவிடாது. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நாலு வகை பிரித்து, வெளியிலிருந்து வந்ததற்கும் இடம் ஒதுக்கியவர்கள் நம் இலக்கணத்தார். மருந்துப் பெட்டியில் இருக்கிற, கடைக்காரர் சொல்கிற, டாக்டர் சொல்கிற ‘ஸ்டீராய்டு’ அப்படியே இருக்கட்டும். பர்மியரும் அந்தச் சொல்லைத் தங்கள் நாவுக்கு ஏற்ப வளைத்துத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னும் துல்லியம் வேண்டும் என்றால் ‘புறணி ஸ்டீராய்டு’ எனலாம். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அண்ணீரகச் சுரப்பியின் வெளியடுக்குக்குப் புறணி என்று பெயர். நம் உடம்பு கார்ட்டிசோலை அங்கேதான் சுரக்கிறது. அதையே மருந்தாகக் கொடுக்கும்போது ஹைட்ரோகார்ட்டிசோன் என்கிறோம். ‘கார்ட்டி’ என்ற துண்டு இலத்தீனில் மரப்பட்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தனக்கா என்ற மரத்தின் பட்டையைக் கல்லில் இழைத்துக் கன்னத்தில் பூசுகிற ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது. இந்தக் குடும்பத்தின் கார்ட்டிசோன்தான் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹெஞ்ச் என்ற மூன்று ஆய்வாளர்களுக்கும் 1950-இல் நோபல் பரிசு வாங்கித் தந்தது. 1952-இல் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் தடவிப் பலன் கண்டார்கள்.

களிம்பு என்ற சொல்லில் குறை இல்லை. செம்பில் பிடிக்கும் பச்சைக்கும் களிம்பு என்றுதான் பெயர். உயிரோடு ஒட்டிய அழுக்கான ஆணவ மலத்துக்குச் சைவர்கள் சொல்லும் உவமை அது. அதனால் மருந்துக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்பவர்கள் சித்த மருத்துவத்தின் 32 புறமருந்துகளைப் பார்க்க வேண்டும். பூச்சு, பற்று, பசை என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்க, களிம்பும் அந்த வரிசையில் இருக்கிறது. பர்மியில் ‘லெய்ன் ஸே’ என்றால் தடவுகிற மருந்து. குடிக்கிற மருந்துக்கு வேறு பெயர். அவர்களும் செய்கையை வைத்தே பிரிக்கிறார்கள். எண்ணெய்ப் பசை மிகுந்தது களிம்பு, வறண்டு தடித்த தோலுக்கு ஏற்றது. நீர் கசியும் இடத்துக்கு க்ரீம் நல்லது. இரண்டையும் களிம்பு என்றே எழுதுகிறார்கள், அது தப்பு. க்ரீமை க்ரீம் என்றே விட்டுவிடலாம்.

அடுத்தது ‘மிதமான’. இதுதான் ஆபத்தான பிழை. தோல் ஸ்டீராய்டுகளை வீரியத்தின்படி நாலு படிகளாக அடுக்குவது வழக்கம்: லேசானது, மிதமானது, கடுமையானது, மிகக் கடுமையானது. முகாமில் கொடுத்த 1% ஹைட்ரோகார்ட்டிசோன் முதல் படி, அதாவது லேசானது. அதை மிதமானது என்று எழுதினால் இரண்டாம் படியில் ஏற்றிவிட்டோம். சதவீதத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே என்றால் அதுவும் ஏமாற்றும். குளோபெட்டசால் என்ற இன்னொரு தோல் ஸ்டீராய்டில் 0.05% என்று போட்டிருக்கும். 1-ஐ விடச் சின்ன எண்தானே என்று தோன்றும். ஆனால் அது நாலாம் படி, ஹைட்ரோகார்ட்டிசோனை விடச் சில நூறு மடங்கு வீரியம். குளோபெட்டசோனும் 0.05% தான், அது இரண்டாம் படி. ‘சால்’, ‘சோன்’ என்று ஓர் ஓசையில் இரண்டு படி வித்தியாசம். இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் ‘லேசான’ என்ற எளிய சொல்லைத் தேடிப் பிடிக்கவில்லை என்றால் வேறு எந்த இடத்தில் கவனமாக இருக்கப்போகிறார்?

அப்புறம் அந்த ‘விண்ணப்பிக்கவும்’. களிம்பை யாரிடம் விண்ணப்பிப்பது? வேலைக்கு விண்ணப்பிப்பதும் தோலில் தடவுவதும் வேற்று மொழியில் ஒரே சொல்லாக இருக்கலாம், தமிழில் இல்லை. கணினி கொடுத்ததை ஒரு தமிழர் கூட ஒரு முறை வாய்விட்டுப் படிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எனக்கு இது வருத்தமாகவே இருக்கிறது, ஏனென்றால் இந்த ஒரு செய்கைக்குத் தமிழில் எத்தனை சொற்கள்! எண்ணெயைத் தேய்க்கிறோம், அதில் அழுத்தம் உண்டு. சந்தனத்தைப் பூசுகிறோம், அது மேலே படிந்து நிற்கும். சேற்றை அப்புகிறோம், அது கனம். ஒரு காயத்தின் மேல் விரலை மெல்ல ஓட்டினால் தடவுகிறோம். ஸ்டீராய்டுக் களிம்புக்கு வேண்டியது இந்தக் கடைசிச் சொல். தேய்த்தால் அழன்ற தோல் இன்னும் புண்ணாகும். அப்பினால் மருந்து வீண், கெடுதலும் உண்டு. ‘மெல்லிசாகத் தடவவும்’ என்ற இரண்டு சொல்லில் பாதி மருத்துவம் அடங்கிவிடுகிறது.

எவ்வளவு தடவுவது? பெரியவர் ஒருவரின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது போதும். இதை ‘விரல்நுனி அளவு’ என்று சொன்னால் பாட்டிக்கும் புரியும். ‘விரல்நுனி அலகு’ என்று எழுதிக் கெடுக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு வேளை. டாக்டர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். முகத்திலும் கண்ணோரத்திலும் அவர் சொன்னாலொழியத் தடவக் கூடாது. வெடித்த புண்ணிலும் சீழ் வைத்த இடத்திலும் அப்படியே. மழைக்காலத்தில் இங்கே பலருக்கு வரும் படர்தாமரைக்கு இது மருந்தே இல்லை. அரிப்பு அடங்கின மாதிரி இருக்கும், பூஞ்சை உள்ளே தாராளமாகப் பரவும். முகம் வெளுக்கும் என்று சொல்லி விற்கிற க்ரீம்களில் வீரியமான ஸ்டீராய்டை ஒளித்து வைப்பதும் நடக்கிறது. மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் தெரிய ஆரம்பிக்கும்.

இதையெல்லாம் அக்காவிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. முகாம் டாக்டர் வாயால் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, மருந்துப் பெட்டியின் மேல் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்: “லேசான ஸ்டீராய்டுக் களிம்பு. முழங்கால் மடிப்பில் மட்டும். காலை, மாலை. விரல்நுனி அளவு, மெல்லிசாகத் தடவவும். ஏழு நாள்.” அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு உள்ளே போய் இன்னொரு மருந்தைக் கொண்டுவந்தார். போன வருடம் கடையில் வாங்கியதாம், பாதி தீர்ந்திருந்தது. “இதுலயும் எழுதிக் குடு தம்பி.” திருப்பிப் பார்த்தேன், குளோபெட்டசால். அதன் மேல் “டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்” என்று எழுதினேன்.