கத்தி மழுங்கினால் அடியில் பாருங்கள்

கிருஷ்ணகிரிப் பக்கம் யார் வீடு கட்டினாலும் சமையல் மேடைக்குக் கிரானைட்தான். கல் வெட்டும் ஊரில் வேறென்ன போடுவார்கள்? துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும், கொதிக்கும் குக்கரை அப்படியே இறக்கி வைக்கலாம். அதன்மேல் காய் வெட்டுவது மட்டும்தான் எனக்கு ஆகாது.

கேட்டரிங் மாணவர்களுக்குச் சமையலறை வேலை சொல்லித்தருவது என் தொழில். நெடுஞ்சாலை ஓட்டல்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் பயிற்சி கொடுக்கப் போவதுண்டு. எங்கே போனாலும் ஒரே புகார்: "மேடம், இப்ப வர்ற கத்தி எதுவுமே நிக்கிறதில்ல. வாங்கின மாசமே மொண்ணை." கத்தியைக் கையில் வாங்கும் முன்பே, எதன்மேல் வெட்டுகிறீர்கள் என்று கேட்பேன். மேடைமேல், எவர்சில்வர் தட்டில், கல்யாணத்துக்கு வந்த கண்ணாடிப் பலகையில் என்று பதில் வரும்.

கிரானைட்டில் குவார்ட்ஸ் என்ற கனிமம் கலந்திருக்கிறது. பொருள்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7. வீட்டுக் கத்தியின் எஃகு பெரும்பாலும் 5.5 முதல் 6.5 வரை. கறுப்புக் கல்லில் குவார்ட்ஸ் குறைவு. ஆனாலும் அது எஃகுக்கு விட்டுக்கொடுக்காது. ஒவ்வொரு வெட்டிலும் கத்தியின் வாய் கல்லில் மோதி மடங்குகிறது. எவர்சில்வர் தட்டும் கண்ணாடியும் செய்வது இதே வேலைதான். இந்த மூன்றின்மேலும் வெட்டினால், எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய கத்தியும் தாங்காது.

மழுங்கின கத்திதான் கையை வெட்டும். கூரான கத்தி காயில் தானாக இறங்கும். மொண்ணைக் கத்தியை அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தும்போது வழுக்கும். பாலக்கோட்டுத் தக்காளியோ இராயக்கோட்டைத் தக்காளியோ, நன்றாகப் பழுத்த ஒன்றை எடுத்து அழுத்தாமல் கத்தியை இழுத்துப் பாருங்கள். தோல் கிழியாமல் குழிந்தால் அந்தக் கத்திக்குச் சாணை வேண்டும்.

சரி, எதன்மேல் வெட்டுவது? ஆட்டுக்கறிக் கடைக்குப் போய் அங்கிருக்கும் கட்டையைப் பாருங்கள். புளியமரக் கட்டை. புளிக்குப் பேர்போன நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. அந்த மரத்தைக் குறுக்கே அறுத்து வட்டமாக வைத்திருப்பார்கள். அப்படி அறுக்கும்போது மரத்தின் நார்கள் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். கத்தி நாரை அறுக்காமல் நார்களுக்கு நடுவே இறங்கி வெளியே வரும். வருஷக்கணக்கில் எலும்பு வெட்டியும் கட்டையும் கத்தியும் தாக்குப்பிடிப்பது அதனால்தான். நல்ல கடைக்காரர் கடை சாத்தும்போது கட்டையைச் சுரண்டி, கல் உப்பைத் தேய்த்துவிட்டுப் போவார். உப்பு ஈரத்தை இழுத்துவிடும்.

வீட்டுக்கு அவ்வளவு கனமான கட்டை வேண்டாம். முழு வட்டம் காயும்போது வெடிக்கவும் செய்யும். வெடிப்பில் அழுக்கு சேர்ந்தால் எடுக்க முடியாது. புளி, வேம்பு, தேக்கு எதிலாவது ஒட்டுப்போடாத ஒரே பலகையாக, ஒரு அங்குலத்துக்குக் குறையாத கனத்தில், ஒரு முழ நீளத்துக்குத் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். வேப்பம்பலகையில் கிருமியே அண்டாது என்று விற்பவர்கள் சொல்வதை நம்பிக் கழுவாமல் விட்டுவிடாதீர்கள். மூங்கில் பலகை பார்க்க அழகுதான், ஆனால் மணலில் இருக்கிற சிலிக்கா மூங்கிலிலும் இருப்பதால் கத்தி சீக்கிரம் தேயும்.

மரத்தில் கிருமி தங்கும், பிளாஸ்டிக்தான் சுத்தம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 1990களில் அமெரிக்காவில் டீன் கிளைவர் என்ற நுண்ணுயிரியலாளரின் குழு இதைச் சோதித்தது. மரத்தில் விழுந்த பாக்டீரியா உள்ளே உறிஞ்சப்பட்டு, பெருகாமல் மெல்ல மெல்லச் செத்தது. புது பிளாஸ்டிக்கைக் கழுவுவது சுலபம். கத்திக் கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக்கில் கீறலுக்குள் இருந்ததைக் கையால் கழுவி எடுக்க முடியவில்லை. அதனால் பிளாஸ்டிக்கே கூடாது என்று சொல்ல மாட்டேன். கறி மீனுக்கு லேசான பிளாஸ்டிக் பலகை வசதி. விரல் வைத்துத் தடவினால் சொரசொரப்பாகத் தட்டுப்படும் நாளில் தூக்கிப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். பல வீடுகளில் நடுவில் கறுத்துக் குழிந்த பிளாஸ்டிக் பலகை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பெரிய ஓட்டல்களில் கறிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், காய்க்குப் பச்சை என்று நிறம் பிரித்து வைப்பார்கள். வீட்டுக்கு இரண்டு பலகை போதும்: ஒன்று கறிக்கும் மீனுக்கும், இன்னொன்று மற்ற எல்லாவற்றுக்கும். காரணம் இதுதான். நம் சமையலில் கோழி நன்றாக வேகிறது, அதிலிருக்கும் சால்மொனெல்லா கிருமியும் செத்துப்போகிறது. ஆனால் அதே பலகையில் பச்சடிக்கு வெங்காயம் அரிகிறோம், வெள்ளரி நறுக்குகிறோம், எலுமிச்சம்பழம் வெட்டுகிறோம். அவை அடுப்பைப் பார்ப்பதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டுத் திங்கட்கிழமை வயிற்றுப்போக்கு வந்தால் எல்லோரும் கறியைத்தான் திட்டுவார்கள். பச்சடியை யாரும் சந்தேகப்படுவதில்லை.

கறி வெட்டிய பலகையை முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு 4 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வாசனையில்லாத திரவ ப்ளீச் கலந்து ஊற்றி, சில நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பும் எலுமிச்சையும் தேய்த்தால் மீன் வாடை போகும். கிருமிக்கு அதை நம்ப வேண்டாம். மரப்பலகையைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. இரண்டு பக்கமும் கழுவி நிமிர்த்திக் காயவையுங்கள். ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் வளைந்துவிடும். எண்ணெய் பூச மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாராஃபின் நல்லது. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் பிசுபிசுத்துச் சிக்கு வாடை அடிக்கும்.

பலகை வழுக்கினால் அடியில் ஈரத்துணி ஒன்றை மடித்துப் போடுங்கள். இதைச் செய்தாலே பாதிக் காயம் குறையும் என்பது என் அனுபவம்.

கத்தி விஷயத்தில் ஒரு நடுத்தரக் கத்தியும் ஒரு சின்னக் கத்தியும் போதும். கொல்லுப்பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்யும் இரும்புக் கத்தி எனக்குப் பிடிக்கும். கூர் சுலபமாக ஏறும். மாங்காயும் புளியும் பட்டால் கறுக்கும், துடைக்காமல் விட்டால் துருப்பிடிக்கும். சோம்பேறித்தனம் உள்ளவர்கள் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். அதையும் உப்பு, எலுமிச்சைச் சாறோடு ராத்திரி முழுக்கத் தொட்டியில் போட்டால் பொடிப்பொடியாகக் குழி விழும். நம் போர் தண்ணீரில் வேறு வெள்ளைப் படிவு உட்காரும். வெட்டியதும் கழுவி, துடைத்து வைத்துவிட வேண்டும். நுரைத்தண்ணீருக்குள் கத்தியைப் போட்டுவிட்டுப் போவது பாத்திரம் கழுவ வருகிற அக்காவின் விரலுக்கு வைக்கும் பொறி.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுப்பதில் தப்பில்லை. சக்கரத்தில் வைத்து அழுத்தாமல், அடிக்கடி தண்ணீரில் நனைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். வாயில் நீலம் பாய்ந்தால் அந்த இடம் சூட்டில் பதம் இழந்துவிட்டது; அங்கே கூர் தங்காது. நடுவில் தேவைப்படும்போது பீங்கான் கோப்பையின் அடியிலுள்ள பூச்சில்லாத சொரசொரப்பு வளையத்தில், கத்தியை 15 முதல் 20 டிகிரி சாய்த்து இரு பக்கமும் சில தடவை இழுத்தால் போதும்.

அருவாமனை பழகியவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். அதில் வாய் மோதுவதற்கு அடியில் எதுவும் இல்லை. கத்தியைவிட நாள்பட உழைக்கும். வேலை முடிந்ததும் மடக்கி வையுங்கள், குழந்தை தவழும் வீட்டில் முக்கியமாக.

வெட்டு பட்டால் மஞ்சளும் காபித்தூளும் வேண்டாம். சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் நிற்காவிட்டாலும், விரல் மடங்காவிட்டாலும், நுனி மரத்துப்போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம். டிடி ஊசி எப்போது போட்டது என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

உடைந்த கத்தியைக் குப்பையில் போடுவதாக இருந்தால், கெட்டி அட்டையில் மடித்து, சுற்றிலும் டேப் ஒட்டி, மேலே 'கத்தி' என்று பெரிதாக எழுதுங்கள். அதைக் கையால் பிரித்தெடுப்பது தூய்மைப் பணியாளர்.