பெயர் வேறு, உள்ளே இருப்பது ஒன்றுதான்

மியான்மரின் யாங்கோனில் மழை பிடித்துவிட்டால் கிளினிக் முழுக்கக் காய்ச்சல் பிள்ளைகள்தான். அது வழக்கம். ஆனால் மருந்து அளவு மிஞ்சிப்போய் வரும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு ஆறவில்லை. போன வாரம் இரண்டு வயதுப் பேத்தியைத் தூக்கிவந்த பாட்டியின் பையில் ஒரு காய்ச்சல் சிரப், ஒரு சளி சிரப், வெற்றிலைக் கடையில் கலந்து கட்டிய பெயரில்லாத மாத்திரைப் பொட்டலம். "காய்ச்சலுக்கு ஒண்ணு, சளிக்கு ஒண்ணு, உடம்பு வலிக்கு ஒண்ணு குடுத்தேன் டாக்டரம்மா" என்றார். பிசுபிசுத்த சளி சிரப் லேபிளைத் துடைத்துப் பார்த்தேன். முதல் வரியிலேயே பாராசிட்டமால், காய்ச்சல் சிரப்பில் இருக்கும் அதே மருந்து.

காய்ச்சல் மருந்து வேறு, சளி மருந்து வேறு என்று நினைக்காதீர்கள். பல சளி சிரப்புகளில் மூக்கடைப்பு மருந்தோடும் தூக்கம் வரவைக்கும் மருந்தோடும் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். பயோஜெசிக் என்ற கடைப் பெயர் என்றாலும், இந்தியாவிலிருந்து வந்த வேறு பெயர் என்றாலும், அசிட்டமினோஃபென் என்று எழுதியிருந்தாலும் அதே மருந்துதான். இரண்டையும் கொடுத்தால் இரட்டை அளவு. மூன்று நாள் கொடுத்தால் கல்லீரல் தாங்காது. முதல் நாள் பிள்ளை நன்றாகவே விளையாடும். பாதிப்பு தெரிவதற்குள் இரண்டு நாள் ஓடிவிடும். விஷமுறிவு மருந்து இருக்கிறது, ஆனால் ஒரேயடியாக அதிகம் போயிருந்தால் எட்டு மணி நேரத்துக்குள் கிடைத்தால்தான் முழுப் பலன். அளவு மிஞ்சியது தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பாராசிட்டமால் அளவு எடையை வைத்துத்தான், வயதை வைத்து அல்ல. ஒரு வேளைக்கு, ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 10 கிலோ பிள்ளைக்கு 4 முதல் 6 மில்லி. அதே பிள்ளைக்கு, ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து என்றால் ஒன்று முதல் ஒன்றரை மில்லிதான்! சொட்டு மருந்தைச் சிரப் அளவில் ஊற்றிய தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். சமையல் கரண்டி வேண்டவே வேண்டாம். ஆறு மணி நேர இடைவெளி விடுங்கள், நாளைக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம்.

சளி சிரப்பை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்காதீர்கள். அது சளியைச் சீக்கிரம் ஆற்றுவதுமில்லை. மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு விடுங்கள். ஒரு வயது தாண்டியிருந்தால் இருமலுக்குக் கொஞ்சம் தேன். கடைப் பொட்டலத்தைப் பிள்ளை பக்கம் கொண்டுபோகவே கூடாது. அதில் ஸ்டீராய்டும் இருக்கலாம், யாருக்குத் தெரியும்?

இது டெங்குக் காலம். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் என்ற வலி மருந்துகளைக் கொடுத்தால் ரத்தக் கசிவு ஆபத்து கூடும். காய்ச்சல் இறங்கியபின் வயிற்று வலி, ஓயாத வாந்தி, கை கால் சில்லிடுதல் இருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே ஆஸ்பத்திரிதான். வரும்போது கொடுத்த மருந்து அத்தனையையும், காலிப் பாட்டிலாக இருந்தாலும், தயவுசெய்து கையோடு எடுத்து வாருங்கள் அம்மா. "சிவப்பு சிரப்" என்று சொன்னால் எனக்கு ஒன்றும் விளங்காது.