துக்க வீட்டில் யாருடைய நம்பிக்கை?

மண்ணடியிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். பத்தொன்பது வயது மகன் பைக் விபத்தில் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று தம்பி அழைத்து வந்திருந்தார். நான் ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்து அப்போது இரண்டாவது வருஷம். அடக்கிவைத்த அழுகை ஆளைத் தின்றுவிடும், அழவைத்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும் என்று உறுதியாக நம்பிய காலம். "அழுதுடுங்கம்மா, இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றேன். ஒருமுறை அல்ல, மூன்று முறை. மூன்றாவது முறை அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் அழுதா எம்புள்ளைக்குக் கபர்ல (புதைகுழியில்) வேதனையாகும்னு அவங்க சொல்றாங்க. நீங்க அழு அழுங்கிறீங்க. நான் என்னதான் பண்ணட்டும்?"

என்னிடம் பதில் இல்லை. அப்புறம்தான் விசாரித்தேன். மகனை அடக்கம் செய்த அன்று வாய்விட்டுக் கதறியவரை, உறவுக்காரப் பெண்கள் வாயைப் பொத்தி அடக்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்ணில் தண்ணீர் வந்தாலே பிள்ளைக்குத் துன்பம் செய்கிறோமோ என்று பயம். அந்தப் பயம் தெரியாமல்தான் நான் அழச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இதை யார்கிட்டயாவது கேட்டுப் பார்க்க முடியுமா?" என்றேன். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்கலாம் என்றார் தம்பி. ஹஜ்ரத் சொன்னதை அடுத்த வாரம் அந்த அம்மாவே வந்து சொன்னார். நபிகள் நாயகம் தம் கைக்குழந்தை இப்ராஹீம் இறந்தபோது கண்ணீர் விட்டிருக்கிறார்கள். கண் அழுகிறது, மனம் வருந்துகிறது, ஆனாலும் இறைவனுக்குப் பிடிக்காததைச் சொல்ல மாட்டோம் என்றிருக்கிறார்கள். ஓலமிட்டு மாரில் அடித்துக்கொள்வதைத்தான் மார்க்கம் தடுக்கிறது, கண்ணீரை அல்ல. அன்று ராத்திரி அந்த அம்மா அழுதாராம். என் அறையில் அழவில்லை. மகனுடைய பைக்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார்.

அதே ஹதீஸை, அதாவது நபிமொழியை, நான் தேடிப்பிடித்துச் சொல்லியிருந்தால், "இவருக்கு என்ன தெரியும்" என்றுதான் நினைத்திருப்பார். நியாயமும் அதுதான். அன்றிலிருந்து முதல் சந்திப்பிலேயே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுகிறேன். "உங்க வீட்டில் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வீங்க?" என்பது ஒன்று. "அதில் உங்க மனசுக்கு எது ஒத்துவருது, எது வரலை?" என்பது அடுத்தது. முதல் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்பவர்கள் குறைவு.

(இந்தக் கட்டுரையில் வருகிற யாரும் ஒரே ஆள் அல்ல. இரண்டு மூன்று பேரின் கதையைக் கலந்து, ஊரையும் உறவையும் மாற்றி எழுதியிருக்கிறேன்.)

எங்கள் துறைக்கும் ஒரு மதம் உண்டு என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அழு, பேசு, ஏற்றுக்கொள் என்பது அதன் மந்திரம். துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அது எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதியதிலிருந்து வந்தது. அவர் பேசியது சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம். அவர்கள் போன பிறகு மிஞ்சிய குடும்பத்துக்கு அது வாய்ப்பாடு அல்ல. ஆனாலும் "நீங்க இன்னும் கோபக் கட்டத்திலேயே இருக்கீங்க" என்று சொல்லும் ஆலோசகர்களைப் பார்த்திருக்கிறேன். ஜாதகம் பார்த்துச் சொல்வது போலத்தான் இருக்கும்.

மருத்துவமனைப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். அது பெரும்பாலும் எதற்கும் உதவாது. ‘கிறிஸ்தவர்’ என்று எழுதியிருக்கும். கத்தோலிக்க வீடு என்றால் முப்பதாம் நாள் திருப்பலி, நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் காசிமேட்டிலோ கீழ்ப்பாக்கத்திலோ பூவும் மெழுகுவத்தியும், இறந்தவருக்காக ஜெபம் எல்லாம் உண்டு. பெந்தெகொஸ்தே வீடு என்றால், இறந்தவர் கர்த்தரிடம் சேர்ந்தாயிற்று, அவருக்காக ஜெபிக்க ஒன்றுமில்லை என்பார்கள். படத்துக்கு மாலை போடுவதும் கிடையாது. அந்த வீட்டில் போய் "ஆத்மா சாந்தியடையட்டும்" என்றால் நாம் ஆறுதல் சொன்னதாக நினைத்துக்கொள்வோம். அவர்களோ சங்கடத்தோடு தலையாட்டுவார்கள். முஸ்லிம் வீட்டிலும் இதே கதைதான். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓத அண்ணன் ஏற்பாடு செய்வார், அது மார்க்கத்தில் இல்லை என்று தம்பி வர மறுப்பார். இந்து வீடுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எரிப்பவர்கள், புதைப்பவர்கள், பத்தாம் நாள், பதின்மூன்றாம் நாள், பதினாறாம் நாள் என்று தெருவுக்குத் தெரு மாறும். வள்ளலார் வழியில் நிற்பவர்கள் எரிக்கக்கூடாது, கருமாதியும் வேண்டாம் என்பார்கள்.

சென்னையில் இதற்கு மேல் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதை மதம் என்று யாரும் சொல்வதில்லை. புளியந்தோப்பில் வாழ்ந்த ஒரு பெரியவர் கடைசி இரண்டு வருஷம் மகனுடைய அடுக்குமாடி வீட்டில், பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் இருந்தார். இறந்ததும் குடியிருப்போர் சங்கத்திலிருந்து மூன்று நிபந்தனைகள் வந்தன. பறை அடிக்கக்கூடாது, ஐஸ் பெட்டியைக் கீழே பொது இடத்தில் வைக்கக்கூடாது, உடலைச் சாமான் ஏற்றும் லிஃப்டில்தான் இறக்க வேண்டும். காலை ஏழு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எட்டு மாதம் கழித்து அந்த மகன் என்னிடம் வந்தது தூக்கமின்மைக்காக. நாலாவது சந்திப்பில்தான் விஷயம் வெளியே வந்தது. "எங்கப்பாவைத் திருட்டுச் சாமான் மாதிரி பின்வாசல் வழியா எடுத்துட்டுப் போனேன் சார்."

வட சென்னையில் சாவு என்றால் பறையும் ஆட்டமும் ராத்திரி முழுக்க மரண கானாவும் உண்டு. இறந்தவரின் பேரைச் சொல்லி, அவர் வேலையைச் சொல்லி, அவர் குடித்ததைக்கூடச் சொல்லிப் பாடுவார்கள். அமைதிதான் மரியாதை என்று பழகியவர்களுக்கு அது கூத்தாகத் தெரியலாம். ஆனால் ஒரு மனிதனின் முழுக் கதையையும் அவன் தெருவே கூடி நின்று கேட்கும் ராத்திரி அது. நாங்கள் ஆலோசனை அறையில் பத்து வாரத்தில் செய்யப் பார்ப்பதை அவர்கள் ஒரே ராத்திரியில் செய்துவிடுகிறார்கள். அந்த மகனுக்கு நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. வருஷ நினைவு நாளுக்குப் பழைய தெருவில் பந்தல் போட முடியுமா என்று மட்டும் கேட்டேன். போட்டார், கானாவும் வைத்தார். தூக்கம் முழுதாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாத்திரையைக் குறைக்க முடிந்தது.

மருத்துவமனை ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிர் பிரிந்த அரை மணி நேரத்தில் நடப்பதைக் குடும்பம் பல வருஷம் மறக்காது. தாலி, தாயத்து, பூணூல், ஜெபமாலை என்று எதையும் வெட்டி எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் ஒருவராவது உள்ளே வந்து பார்க்க விடுங்கள். விபத்து, தற்கொலை போன்ற மரணங்களில் பிரேதப் பரிசோதனை கட்டாயம். சீக்கிரம் அடக்கம் செய்ய வேண்டும் என்ற முறையுள்ள முஸ்லிம் குடும்பங்களுக்கு அந்தக் காத்திருப்பு பெரிய வதை. பொழுது சாய்ந்தால் மறுநாள்தான் என்பது பழைய வழக்கம். 2021 நவம்பரில் மத்திய சுகாதாரத் துறை, வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் செய்யலாம் என்று அனுமதித்தது. கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவற்றுக்கு இந்த அனுமதி பொதுவாகப் பொருந்தாது. போலீஸ் விசாரணைத் தாள்கள் முடிந்திருக்க வேண்டும், எல்லா இடத்திலும் நடக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் பணியிலிருக்கும் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது.

கணவரை இழந்த முஸ்லிம் பெண்ணுக்கு இத்தா என்கிற காத்திருப்புக் காலம் நாலு மாதம் பத்து நாள். கர்ப்பிணி என்றால் பிரசவம் வரை. பெரும்பாலும் வீட்டைவிட்டு வெளியே வர மாட்டார்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படிப்பட்ட பெண் ஒருவர் மூன்று முறை வராததால் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று கோப்பில் எழுதியிருந்தார்கள். நம்பரைத் தேடிப் போன் செய்தேன். "வெளியே வரக்கூடாதுங்க, போன்ல பேசலாமா?" என்றார். பேசினோம், அவ்வளவுதான்.

சரி, எல்லா வழக்கத்துக்கும் தலையாட்டிவிட வேண்டுமா? இல்லை. மதிக்க வேண்டியது துக்கப்படுகிற ஆளின் நம்பிக்கையை. அந்த வீட்டில் யார் குரல் பெரிதோ அவருடைய நம்பிக்கையை அல்ல. இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருவர். கணவர் போய் பதினைந்தாம் நாள், மறுநாள் காரியம். பூ வைத்து, வளையல் அடுக்கி, அப்புறம் எல்லாவற்றையும் உடைத்து எடுக்கும் சடங்கு வேண்டாம் என்று அவருக்கு. மாமியாரோ, அதைச் செய்யாவிட்டால் மகனுக்கு வழி கிடைக்காது என்று நம்புகிறவர். கெட்டவர் அல்ல. அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்தான். இருவரிடமும் தனித்தனியாகப் பேசினேன். தாலியைத் தானே கழற்றி மாமியார் கையில் கொடுப்பதாகவும், வேறு எதையும் யாரும் தொடக்கூடாது என்றும் அந்தப் பெண்ணே ஒரு வழி சொன்னார். மாமியார் அரை மனதோடு ஒப்புக்கொண்டார். அன்று ராத்திரி அந்தச் சடங்குக்கென்றே வந்திருந்த அத்தைமார் இருவர் சாப்பிடாமல் கிளம்பிப் போனார்கள் என்று கேள்வி. போகட்டும்.

சாமியே இல்லை என்கிற வீட்டுக்கும் இது பொருந்தும். பகுத்தறிவு இயக்கத்தில் நாற்பது வருஷம் இருந்த ஒருவர் இறந்துபோனார். சொல்லிவைத்தபடியே கண்ணைத் தானம் செய்து, உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள். சடங்கு கிடையாது, படத்திறப்பு மட்டும். தோழர்கள் நன்றாகப் பேசினார்கள். மனைவிக்கு அதில் பெருமைதான். ஆனால் பால் தெளிக்க ஓர் இடமில்லை, கரைக்கச் சாம்பல் இல்லை. ஆடி அமாவாசையன்று ஏதாவது படைக்கத் தோன்றியிருக்கிறது. "அப்பா கொள்கைக்கு விரோதம்மா" என்று மகன் சொல்லிவிட்டார். என்னிடம் அதை அந்த அம்மா ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வது போலச் சொன்னார். படைப்பது மூடநம்பிக்கையா என்று நான் விவாதம் செய்யவில்லை. கணவருக்கு என்ன சமைத்துப் போடப் பிடிக்கும் என்று கேட்டேன். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அடுத்த அமாவாசைக்கு அதை வைத்து, கணவருடைய பழைய தோழர் ஒருவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். "காக்காய்க்கு வைக்கலீங்க, கட்சிக்காரருக்கு வெச்சேன்" என்றார். அன்றுதான் அவர் சிரித்து முதன்முதலில் பார்த்தேன்.

பலரும் வெளியே சொல்லப் பயப்படுகிற ஒன்று உண்டு. இறந்தவரின் குரல் கேட்பது, வழக்கமான நேரத்துக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்பது, கட்டிலில் பக்கத்தில் ஆள் இருப்பது போல் படுவது. ஒரு வீட்டில் இதைப் பேய் என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். இன்னொரு வீட்டில் பிசாசின் வேலை என்று ஜெபம் வைப்பார்கள். படித்த வீட்டில் மனநோய் என்று நேராக என்னிடம் வருவார்கள். 1971இல் டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் பகுதியில் துணையை இழந்த 293 பேரிடம் கேட்டு எழுதினார். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இந்த அனுபவம் இருந்தது. பலர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அது இதமாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். அது ஆவியா நினைவா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. ஆனால் அந்தக் குரல் "நீயும் வா" என்று கூப்பிட்டால், அல்லது வேறு ஏதாவது செய்யச் சொல்லி அதட்டினால், காத்திருக்கக்கூடாது. அன்றே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். நள்ளிரவு என்றால் மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் 14416 எண்ணிலோ தமிழக அரசின் 104 எண்ணிலோ தமிழிலேயே பேசலாம்.

எத்தனை நாள் துக்கம் இயல்பு என்று கேட்பார்கள். முதல் வருஷம் பண்டிகை இல்லை என்பது நம் பல வீடுகளின் கணக்கு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2022இல் நீடித்த துக்கத்தை ஒரு கோளாறாகச் சேர்த்தபோது பெரியவர்களுக்குக் குறைந்தது பன்னிரண்டு மாதம் என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் ஆறு மாதம் என்கிறது. இரண்டிலும் ஒரு நிபந்தனை உண்டு. அந்த மனிதரின் சமூகமும் பண்பாடும் மதமும் இயல்பு என்று கருதுவதைத் தாண்டியிருக்க வேண்டும். அதனால் வருஷ திதி வரை வெள்ளைச் சேலை கட்டுவது நோய் அல்ல. வருஷம் கடந்தும் வேலைக்குப் போக முடியவில்லை, மிச்சமிருக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, தானும் போய்விட வேண்டும் என்றே இருக்கிறது என்றால் எந்த மதமானாலும் உதவி தேவை.

கடைசியாக ஒருவர். அயனாவரத்துக்காரர், மகளை டெங்குவில் இழந்தவர். முப்பது வருஷமாகத் தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்தே போனவர். மகள் போன மறுநாள் பூஜை அறையிலிருந்த முருகன் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டார். உறவுக்காரர்கள் பதறிப்போய், பரிகாரம் செய் என்று படையெடுத்தார்கள். சாமியோடு சண்டை போடுகிறவரை நாத்திகர் என்று சொல்ல முடியாது. இல்லாத ஆளோடு யாரும் சண்டை போடுவதில்லை. யாரும் அந்தப் படத்தைத் தொட வேண்டாம் என்று மட்டும் வீட்டில் சொல்லி அனுப்பினேன். இரண்டு வருஷம் ஆகிறது. படம் இன்னும் சுவரைப் பார்த்துத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அதன் முதுகைத் துடைத்து வைக்கிறாராம், அவர் மனைவி சொன்னார்.